பட்டில் புகை பிடிக்கவில்லை

ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத் தறி ஓடுகிறது. என் மகன் சேகரோடு, தெலுங்கு பேசும் நாகராஜும் உருது பேசும் அன்வரும் தறி வேலை பழகுகிறார்கள். மூவரும் பத்தாவது படிக்கிற வயசுப் பிள்ளைகள்.

சென்ற மாதம் சுகாதாரத் துறைக்காரர் ஒருவர் எங்கள் தெருவில் ஸ்லைடு போட்டு, கறுத்துப்போன நுரையீரலைக் காட்டினார். "தம்பிங்களா, இங்க யார் யார் புகை பிடிக்கிறீங்க?" என்று கேட்டார். ஒரு கையும் எழவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவருக்கு என்ன தோன்றியதோ, "சரி, பீடி குடிக்கிறவங்க?" என்றார். எங்கள் பிள்ளைகள் மூன்று பேரும் கூசாமல் கையைத் தூக்கினார்கள்!

"ஏன்டா மொதல்ல பொய் சொன்னே?" என்று சேகரை உலுக்கினேன்.

அவன் திருதிருவென்று விழித்தான். "பொய் இல்லம்மா. புகை பிடிக்கிறதுன்னா பட்டுல வாசனை ஏர்றதுதானே? பட்டுல புகை பிடிக்கக் கூடாதுன்னு நீதானே தெனம் சொல்ற? அதான் நாங்க வெளிய நின்னுகினு குடிக்கிறோம்."

அவனை அடிப்பதா, என் தலையில் அடித்துக்கொள்வதா என்றே தெரியவில்லை. பிள்ளை என் பேச்சைத்தான் கேட்டிருக்கிறான்.

இப்போது மூவரிடமும் "பீடி குடிக்காதீங்கடா" என்றே சொல்கிறேன். விட்டார்களா இல்லையா என்பது எனக்கு இன்னும் சந்தேகம்தான். முன்பெல்லாம் தறியிலிருந்து அறுத்த சேலையை மட்டும் முகர்ந்து பார்ப்பேன். இப்போது பிள்ளைகளின் சட்டையை முகர்ந்துவிட்டுத்தான் சேலையைத் தொடுகிறேன்.