ஓட்டக்காரக் கலந்தரின் துவக்கு

பலாபத்வலவில் றஹீமாவின் வெல்டிங் கடையைத் தெரியாதவர் இல்லை. பெரிய வீதியோரம், கேட்டும் கிறில்லும் சாய்த்து வைத்திருக்கும் கடை. புருஷன் மௌத்தானதும் கடையை மூடிவிடச் சொல்லி ஊரே புத்தி சொன்னது. புத்தி சொன்னவர்களின் வீட்டு கேட்டெல்லாம் இன்றைக்கு அவள் ஒட்டியதுதான். வாய் கொஞ்சம் காரம். இருக்கட்டுமே! காரம் இல்லாதிருந்தால் இந்த ஊர் அவளை என்றைக்கோ மென்று துப்பியிருக்கும்.

ஏனென்றால் அவள் 'ஓட்டக்காரக் கலந்தர்' மகள்.

வாப்பா கலந்தரிடம் ஓர் இடியன் துவக்கு இருந்தது. வாய்ப்பக்கமாக மருந்தைக் கொட்டி, குண்டையும் தேங்காய்த் தும்பையும் இறக்கிக் கம்பியால் இடித்து, பின்பக்கத்தில் துளை வைத்த குமிழில் செப்புக் கேப்பை மாட்டிச் சுடும் பழைய துவக்கு. மரவள்ளியைக் காட்டுப்பண்டி கிண்டாமல் காக்க அவரும் பக்கத்துத் தோட்டத்துக் காவல்காரர் லோரன்சும் சேர்ந்து போவார்கள். மரவள்ளி கலந்தருக்கு, இறைச்சி லோரன்சுக்கு. அதில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

ஒரு விடியற்காலை, புதருக்குள்ளிருந்து பண்டி பாய்ந்து லோரன்சின் காலை முறித்துப் போட்டது. கலந்தரின் கையில் துவக்கு இருந்தது. வெடிச்சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. கலந்தர் ஓடினார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்பியும் வந்தார். ஊருக்கு அவர் ஓடினது மட்டும்தான் ஞாபகம்! ஆஸ்பத்திரியிலிருந்து வந்த லோரன்ஸ், சந்தியில் பஸ்லியின் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, "கையில துவக்க வச்சிக்கிட்டு ஒரு வெடி வைக்கல. முதுகத்தான் காட்டுனான்" என்றார். அன்றைக்கு விழுந்த பேர்தான் 'ஓட்டக்காரன்'.

"நான் விசைய இழுத்தேன், நெருப்புப் பத்தல்ல" என்று வாப்பா சொல்லிப் பார்த்தார். சிரித்தார்கள். பிறகு அவர் சொல்வதை விட்டுவிட்டார். துவக்கைக் குசினிப் பரணில் போட்டு, யாரும் தொடக்கூடாது என்றார். அந்தப் பேரோடேயே மௌத்தானார். றஹீமாவுக்கு முதலில் வந்த சம்பந்தம் "ஓட்டக்காரன் ஊட்டுப் பொண்ணா?" என்ற ஒரே கேள்வியோடு நின்றது. மாப்பிள்ளை போனதில் அவளுக்குத் துளி வருத்தமில்லை. கேள்விதான் ஆறவில்லை.

போன மாசம் தம்பி ஜிப்ரி அந்தத் துவக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தான். சீகிரியாவில் ஆட்டோ ஓட்டுகிறவன்.

"ராத்தா, ஹோட்டல் முதலாளி ஒத்தரு சுவத்துல மாட்டக் கேக்குறாரு. ராஜா காலத்துத் துவக்குண்டு சொல்லி வச்சீக்கேன். நல்லா பளபளண்டு பொலிஷ் பண்ணி, சுட ஏலாத மாதிரி பின்னால ஓட்டைய ஒட்டி அடச்சித் தாங்க."

"எந்த ராஜா? ஒங்கட மாமனாரா?"

"பகிடி உடாதீங்க. அந்த அவமானத்த ஊட்டுல வச்சி என்ன செய்ய? போய்த் தொலயட்டும்."

துவக்கு லைசன்ஸ் அவன் பேரில் மாறியிருந்தது. றஹீமா பல்லைக் கடித்துக்கொண்டு துவக்கை மேசையில் கிடத்தினாள். மண்ணெண்ணெய்த் துணியால் துருவைத் துடைக்கத் துடைக்க, விசைத் தகட்டில் ஒரு கிரீடம் தெரிந்தது. ஃபோன் வெளிச்சத்தைக் குழல் வாயில் பிடித்தாள். உள்ளே மூன்று மரைக்கோடுகள் சுழன்று இறங்கின. ஊர்க் கொல்லன் அடித்த குழலுக்கு மரை ஏது? வெள்ளைக்காரப் பட்டாளத்து ரைபிள் இது. பிறகு யாரோ குழலை வெட்டிக் குட்டையாக்கி, பலாக் கட்டையில் புதுப்பிடி போட்டிருக்கிறார்கள். ராஜாவாம், ராஜா!

ஓட்டையை அடைக்க வெல்டிங் குறட்டைக் கையில் எடுத்தவள் நின்றாள். மூடின குழாய் எது வந்தாலும் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் அவள் நெருப்புக் காட்டுவதில்லை. பெற்றோல் டாங்கி ஒட்டப்போய்க் கையை இழந்த ஒருவனை அவளுக்குத் தெரியும். பித்தளைக் கம்பி ஒன்றைக் குழலுக்குள் விட்டு, வாயருகில் சோக்குக் கட்டியால் கோடு போட்டு, வெளியே எடுத்துக் குழலோடு சேர்த்து வைத்துப் பார்த்தாள். குமிழுக்கு நான்கு விரல் முன்னாலேயே கம்பி நின்றுபோயிருந்தது.

"யா அல்லாஹ்!"

துவக்கு இன்னும் மருந்தும் குண்டும் நிறைத்தபடியே இருந்தது. இத்தனை வருஷம் அடுப்புக்கு மேலே, எல்லார் தலைக்கும் மேலே!

ஜிப்ரிக்கு முகம் வெளுத்தது. ஆனாலும் வாய் ஓயவில்லை. "பாத்தீங்களா ராத்தா? நெறச்சது நெறச்சபடி ஈக்கி. ஊரு சொன்னது சரிதான். வாப்பா இழுக்கவே இல்ல."

"வாய மூடு! இன்னும் நான் தொறந்து பாக்கல்ல."

மருந்து ஊறிச் சாகட்டும் என்று குழல் நிறையத் தண்ணீர் ஊற்றினாள். பின்பக்கத்தால் ஒரு சொட்டாவது கசிய வேண்டும். மறுநாள் ஜிப்ரி திரும்பி வந்தபோதும் கசியவில்லை. கேப்பைத் தட்டும் குதிரை இறுகிக் கிடந்தது. அதை எண்ணெய் விட்டு அசைத்து அசைத்துத் தூக்கினாள். அடியில் செப்புக் கேப்பு இருந்தது. நசுங்கி, ஓரம் பிளந்து, பச்சை பிடித்த கேப்பு. குதிரை விழுந்து வெடித்த கேப்பு!

குமிழைத் திருகிக் கழற்றி வெயிலில் பிடித்தாள். நெருப்புப் போக வேண்டிய துளை முழுக்கச் செம்மண். ஊசியால் கிண்டினால் குளவிக் கூட்டு மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது. கம்பி நுனியில் திருகு வைத்துக் குழலின் வாய் வழியாக இழுத்தபோது தும்பு, குண்டு, கறுத்த மருந்துச் சேறு, எல்லாம் வந்தன.

பிள்ளைகள் இருக்கிற வீடென்று வாப்பா ஒருநாளும் கேப்பை மாட்டி வைத்ததில்லை. தோட்டத்தில் போய்த்தான் மாட்டுவார். மொட்டையாகக் கிடந்த குமிழில் குளவி கூடு வைத்துவிட்டது. அன்றைக்கு இருட்டில் ஊசியால் குத்திப் பார்க்காதது அவருடைய பிழைதான். பிழை வேறு, பயம் வேறு. தன் பிள்ளைகள் சாகக்கூடாதென்று அவர் செய்த காரியமே அவரை ஓட்டக்காரனாக்கிவிட்டது. றஹீமா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். ஜிப்ரி தரையில் குந்திவிட்டான்.

"ஹோட்டலுக்கு இல்லண்டு சொல்லிர்ரேன் ராத்தா" என்றான்.

அவளுக்கு அது போதவில்லை. குமிழையும் கேப்பையும், துளையில் மிச்சமிருந்த மண்ணோடு, கைக்குட்டையில் முடிந்துகொண்டு கடையின் சின்ன லொறியை வஹகோட்டைக்கு விட்டாள். லோரன்ஸ் அங்கே மகன் மேர்வினோடு இருந்தார். மேர்வின் வாசலிலேயே மறித்தான்.

"அக்கா, அப்பாக்கு வயசாயிருச்சு. பழசக் கிண்டாதீங்க."

"எங்க வாப்பாவ அவரு கிண்டினப்போ ஒத்தரும் மறிக்கல்லயே? வழிய உடுங்க."

சாய்வு நாற்காலியில் இருந்த லோரன்சின் உள்ளங்கையில் குமிழை வைத்தாள்.

"வாப்பா ஓடினாருதான் மாமா. இல்லண்டு சொல்ல வரல்ல. ஆனா இழுத்துட்டுத்தான் ஓடினாரு."

லோரன்ஸ் பிளந்த கேப்பை நகத்தால் தடவினார். மண்ணைக் கண்ணருகில் பிடித்துப் பார்த்தார். பிறகு கண் கலங்கியது.

"படக்குன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு புள்ள. கேட்டுச்சு. என் கால் எலும்பு முறியுற சத்தம்னு நெனச்சேன்."

றஹீமாவுக்கு ஒரு கணம் இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தை அவள் அப்படியே விழுங்கினாள்.

"இத எங்கிட்டச் சொல்லி என்ன? அன்னக்கிச் சொன்ன எடத்துலயே வந்து சொல்லுங்க."

"இப்பவா?"

"லொறி வாசல்ல நிக்குது."

மேர்வின் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கிழவர் அதற்குள் ஊன்றுகோலைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

பஸ்லியின் கடையில் பின்னேரக் கூட்டம். பஸ்லி இப்போது கண்ணாடி போட்ட ஆள். ஆனாலும் நாக்குப் பழக்கம் போகவில்லை. "வாங்க, ஓட்டக்கார..." என்று ஆரம்பித்தவர் பின்னால் வந்த லோரன்சைக் கண்டு நிறுத்தினார்.

லோரன்ஸ் உட்காரவில்லை. குமிழை மேசையில் வைத்தார். "கலந்தர் இழுத்தான். பத்தல. சத்தம் என் காதுல விழுந்துச்சு. இந்தக் கடையில உக்காந்து நான்தான் தப்பாச் சொன்னேன்" என்றார். குரல் உடைந்தாலும் கடைசி மேசைவரைக்கும் கேட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை.

றஹீமா பஸ்லியைப் பார்த்தாள்.

"பஸ்லி நாநா, எங்க வாப்பாட பேரு என்ன?"

"கலந்தர்."

"முன்னால வேற ஒண்ணும் இல்லயே?"

"இல்ல தங்கச்சி. கலந்தர்தான்."

"அப்ப மாமாக்குத் தேத்தண்ணி போடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.