வறட்டிக்குச் சூடு கம்மி

எட்டாம் வகுப்பில் எனக்கு உருப்படியாக மனப்பாடமானது ஒரே ஒரு அட்டவணைதான்: எரிபொருள்களின் கலோரி மதிப்பு. ஒரு கிலோ எரிந்தால் எது எவ்வளவு வெப்பம் தரும் என்ற கணக்கு. உச்சியில் ஹைட்ரஜன். அதற்குக் கீழே சமையல் கேஸ், பெட்ரோல், டீசல், கரி, விறகு. கடைசி பெஞ்சில் வறட்டி. மயிலாப்பூர் கால்வாயோரம் எங்கள் வீட்டு வாசலில் நின்று கத்திக் கத்திப் படிப்பேன். ஆட்டோ ஓட்டிய சித்தப்பா வண்டியைத் துடைத்தபடியே, "நம்ம வண்டிக்கு இன்னாடா ரேங்க்கு?" என்பார். கேஸ் வண்டி, இரண்டாவது ரேங்க் என்றால் மனுஷனுக்குப் பெருமை தாங்காது.

அந்தச் சித்தப்பா ஒருநாள் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, தி.நகர் சவாரி என்று கிளம்பினார். மத்தியானம் ஆம்புலன்ஸில் வந்தார். மாரடைப்பாம். கல்யாணம்கூட ஆகாத ஆளுக்கு மாரடைப்பு வருமா என்ன! அம்மா தெருவிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆட்டோ சாவி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

தாயில்லாத தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அப்பாதான்.

சுடுகாட்டில் வெட்டியான் கேட்டார். "இன்னா நைனா, கேஸ்ல வெக்கறதா, வறட்டில அடுக்கறதா?"

"வறட்டி" என்றார் அப்பா.

"மழ வர்ற மாதிரி கீது மாமா. கேஸுன்னா சட்டுனு முடிஞ்சிடும்" என்று என் தாய்மாமன் மெல்ல இழுத்தார். எனக்கோ பொறுக்கவில்லை. இரண்டாவது ரேங்க் ஆளைக் கடைசி ரேங்க்கில் வைப்பதா?

"அப்பா, வறட்டிக்குத்தான் இருக்கறதுலயே சூடு கம்மி. புக்குல போட்டுக்கீது. கேஸ்ல வெச்சா சீக்கிரம் முடிஞ்சிடும்பா!"

பறைகூட நின்றுவிட்டது. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். அப்பா என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அவர் என்னைத் தொட்டு அடித்ததேயில்லை. இன்று செத்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், அப்பா வறட்டிக் குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் முடிச்சிட்டு இன்னாடா பண்ணப் போறோம்?"

வறட்டி அடுக்கி, வைக்கோல் மூடி, மண் பூசித் தீ வைத்தார்கள். மழை வரவில்லை.

மறுநாள் பால் தெளிக்கப் போனோம். எல்லாம் ஆறியிருக்கும் என்றுதான் நினைத்தேன். சாம்பலிலிருந்து புகை இழையோடிக்கொண்டிருந்தது. பால்சொம்பை மாமாவிடம் கொடுத்துவிட்டு அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சாம்பலுக்கு மேலே உள்ளங்கையை விரித்துப் பிடித்தார்.

"இன்னும் சூடு கீதுடா" என்றார். தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாதே என்பது போன்ற குரல்.

நான் சொன்ன கணக்கு சரியா என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்றுதான் அன்றைக்கு எனக்குத் தோன்றியது. "கைய எடுப்பா, சுட்டுடும்" என்றேன்.

அப்பா எடுக்கவில்லை.