உலக முடிவுக்கு ஒன்பது மணிக்குப் பிறகு

ஈர விறகுப் புகை. ஹோட்டன் சமவெளியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த மணம்தான். விடியற்காலையில் விடுதிக்காரர் எங்களுக்கு வெந்நீர் வைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். விறகு பற்றவே இல்லை...

அறுபதுகளின் நடுப்பகுதி, சித்திரை விடுமுறை. யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் நான் புவியியல் ஆசிரியை. கொன்வென்டில் படித்து வந்தவள் என்பதால் கொஞ்சம் கண்டிப்பானவள் என்று பெயர். அது சரியான பெயர்தான்.

நயாகராவையும் அல்ப்ஸையும் நான் கரும்பலகையில் கீறித்தான் படிப்பித்தேன். மேடு என்று சொல்ல ஒரு மணல் திட்டியைத் தவிர எதையும் காணாத பிள்ளைகள். அவர்களுக்குப் பள்ளத்தாக்கு என்றால் என்ன என்று சோக்கட்டியால் எப்படி விளங்கப்படுத்துவது? உலகத்துக்குப் போக முடியாது. உலக முடிவுக்குப் போகலாம். அப்படிப் பெயர் பெற்ற இடம் நம் நாட்டு மலைநாட்டிலேயே, ஹோட்டன் சமவெளியின் விளிம்பில் இருக்கிறது. சமவெளி திடீரென்று அறுந்து, கீழே பாதாளம். நானும் அதைப் பார்த்தது கிடையாது.

அதிபரிடம் அனுமதி வாங்குவது சுலபமாக இருந்தது. பெற்றோரிடம் வாங்கத்தான் வீடு வீடாக ஏறி இறங்கினேன். பன்னிரண்டு பிள்ளைகள் தேறினார்கள். அவர்களில் திலகத்துக்கு வைகாசியில் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. அவளுக்கு இதுதான் முதல் பயணம். கடைசிப் பயணமாகவும் இருக்கலாம். தானும் கூட வந்தால்தான் மகளை விடுவேன் என்றார் தாயார் மனோன்மணி அக்கா. வந்தார், பஞ்சாங்கத்தோடு.

விடுதிக்காரர் முதல்நாளே எச்சரித்திருந்தார். பத்து மணிக்குள் போய்ச் சேர வேண்டும், பிறகு பள்ளத்துக்குள்ளிருந்து மூடுபனி ஏறிவிடும், ஒன்றும் தெரியாது. நடக்கவோ ஒரு மணித்தியாலத்துக்கு மேல்.

வெந்நீர் பிந்தியது. தலைவாரப் பிந்தியது. அக்கா கற்பூரம் கொளுத்தித் தேவாரம் பாட இன்னும் பிந்தியது. வாசலுக்கு வந்தபோது அவர் பஞ்சாங்கத்தை விரித்தார்.

"இண்டைக்குத் திங்கள். ஏழரைக்கு ராகு காலம் துடங்கப்போகுது. ஒன்பது மணிக்குப் பிறகுதான் அடியெடுத்து வைக்கலாம்."

"அக்கா, ஒன்பதுக்கு வெளிக்கிட்டால் பனியைத்தான் பார்க்கலாம்."

"பனியைப் பார்த்தால் என்ன? கலியாணப் பிள்ளை, டீச்சர். உங்களுக்கென்ன, நீங்கள் சிஸ்டர்மாரிட்டைப் படிச்சனீங்கள்."

சிஸ்டர்மாரிடம் படித்தேன்தான். ஆனால் வளர்ந்தது சைவ வீட்டில். என் தகப்பனார் தூரப் பயணம் போக நேர்ந்தால், நல்ல நேரத்தில் தன் குடையை முன்கூட்டியே பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் வெளிக்கிட்டாலும் தோஷமில்லை.

"பிள்ளையள், குடையளைக் கொண்டுபோய்ப் படலைக்கு அங்காலை வையுங்கோ. ஓடுங்கோ."

ஓடினார்கள். வாசற்கதவுக்கு வெளியே புல்லின் மேல் குடைகள் வரிசையாகக் கிடந்தன. அக்கா போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"ஓம், இது சரி. டீச்சருக்கு எங்கடை முறையும் தெரியுது."

பிறகுதான் கேட்டார். "என்ரை குடை எங்கை?"

அது அறைக்குள் பெட்டிக்கு அடியில் இருந்தது. எடுத்து வரும்போது ஏழரை தாண்டிவிட்டது.

"அப்ப நீங்கள் எல்லாரும் போங்கோ. நான் ஒன்பதுக்குப் பிறகு வாறன்."

தெரியாத இடத்தில் அவரைத் தனியே விட முடியாது. திலகம் தன் குடையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். "அம்மாவோடை நான் நிக்கிறன் டீச்சர்." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் யோசித்தது மிகக் குறைந்த நேரம்.

"நீ போ. நான் நிக்கிறன்."

துணைக்கு வந்திருந்த மற்ற ஆசிரியையோடும் விடுதிக்காரர் ஒழுங்குசெய்த வழிகாட்டியோடும் பன்னிரண்டு பேரும் போனார்கள். நானும் அக்காவும் விறாந்தையில் இருந்தோம்.

"டீச்சருக்கு என்னிலை கோவமோ?"

"இல்லை. மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறன்."

"பார்த்தால் கெதியா ஓடுமோ? தேத்தண்ணியைக் குடியுங்கோ."

ஒன்பது அடித்ததும் நடந்தோம். உண்மையில் நான் நடக்கவில்லை, ஓடினேன். அக்கா பின்னால் திட்டிக்கொண்டே வந்தார். போய்ச் சேர்ந்தபோது பாதை ஒரு பாறையில் முடிந்தது. அதற்கு அப்பால் வெள்ளை... வெறும் வெள்ளை. மேலே, கீழே, எங்கும்.

அக்கா எட்டிப் பார்த்தார். "இதுக்கோ டீச்சர் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்? பால் பொங்கின மாதிரியெல்லோ கிடக்கு."

பனி ஏறுமுன் பார்த்துவிட்டுக் காத்திருந்த பிள்ளைகள் பதில் சொன்னார்கள், எல்லோரும் ஒரே நேரத்தில். நான் அதட்டினேன். "ஒவ்வொருத்தரா. எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், என்ன நிறம்?"

கீழே தேயிலைத் தோட்டம் பச்சைத் துணியை மடித்து வைத்ததுபோல் இருந்ததாம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தகரக் கூரைகள் தீப்பெட்டி அளவாம். ஒரு பறவை பறந்ததாம். அதன் முதுகு தெரிந்ததாம். பறவையின் முதுகை மேலிருந்து பார்த்ததைச் சொன்னவள் திலகம்.

"அம்மா, நான் படுத்துக்கிடந்து எட்டிப் பார்த்தனான். பாறைக்கு நேரை கீழை அடி தெரியேல்லை."

மனோன்மணி அக்கா அந்தப் பாறையிலேயே இருந்துவிட்டார். "எனக்கும் முதலிலையிருந்து சொல்லு" என்றார்.

ரயிலில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார்கள். அதன் பிறகு பள்ளத்தாக்கை நான் யாருக்கும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

திரும்ப அங்கே போக வாய்க்கவில்லை. கூட்டிப்போகிறேன் என்று என் கணவர் பல தடவை சொன்னார். முதலில் பிள்ளைகள் சிறிசு, பிறகு நாட்டு நிலைமை, பிறகு அவரும் போய்விட்டார். பிள்ளைகளின் தயவில் நயாகராவைப் பார்த்தேன், அல்ப்ஸையும் நோர்வேயின் கடல் நுழைவுகளையும் பார்த்தேன். அழகுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அங்கே நிற்பவர்கள்தான் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு போனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

போன கிழமை பேத்தி எங்கோ ஒரு பெரிய பள்ளத்தாக்குக்குப் போய் வந்தாள். எப்படியிருந்தது என்று கேட்டேன். "வட்ஸ்அப்பிலை போட்டிட்டன், பாருங்கோ அம்மம்மா" என்றாள். பார்த்தேன். நாற்பது படங்கள், ஒன்றைவிட ஒன்று துல்லியம்.

போனை மூடி வைத்துவிட்டு அவளைப் பக்கத்தில் இருத்தினேன்.

"இப்ப சொல்லு. எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், என்ன நிறம்?"

கொஞ்சம் தடுமாறினாள்... பிறகு சொல்லத் தொடங்கினாள்.