ராணியை அனுப்பி வைத்த கதை

எங்கள் தெருவில் என் அக்கா வீட்டுக்காரரான அத்தானுக்குக் குச்சிக்காரர் என்று பெயர். அவர் காதில் விழும்படி சொன்னால் கோபம் வந்துவிடும். "குச்சி இல்ல, கியூ" என்று திருத்துவார். பில்லியர்ட்ஸ் மேசையில் பந்தைத் தள்ளுகிற கோலுக்கு அதுதான் பெயராம். அதிலும் சாதாரணக் கோல் இல்லை. பேர் பெற்ற ஆசாரிகள் கடைந்த பழைய கோல், வசதியானவர்கள் வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்க்கிற கோல். அதை எங்கிருந்தாவது வாங்கி, துடைத்து, மெருகு போட்டு, விற்று, பத்திரமாக ஊர் ஊராக அனுப்பி வைப்பதுதான் தன் தொழில் என்பார். பகலெல்லாம் அவர் நிற்பது தண்ணீர்க் குழாய் விற்கிற கடையில். முக்கால் அங்குலமா, ஒரு அங்குலமா என்று கேட்டுக் கேட்டுக் குழாய் எடுத்துக் கொடுப்பார். வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் கடையாலும் என் அக்காவின் தையலாலும்தான். ஆனால் யாராவது புதிதாக வந்து "என்ன பண்றீங்க?" என்று கேட்டால், குழாய்க் கடை அவர் வாயிலிருந்து வரவே வராது.

இத்தனைக்கும் அவருக்கு ஆடத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை ஆடிப் பார்த்து, மேசைமேல் விரித்திருந்த பச்சைத் துணியைக் கிழித்துவிட்டு, பின்வாசல் வழியாக வந்துவிட்டார் என்று அக்கா சொல்வாள். அப்போதும் அவர், தப்பு தன் கையில் இல்லை, அந்தக் குச்சி லேசாக வளைந்திருந்தது என்றாராம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. எந்தக் கியூவைப் பார்த்தாலும் தரையில் உருட்டிவிட்டு, கன்னம் தரையில் படப் படுத்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் அது நேராக ஓடுகிறதா என்று பார்ப்பார். அவர் அப்படிப் படுத்துக் கிடக்கும்போது யாராவது வந்தால், நாங்கள்தான் என்னமோ ஏதோ என்று பதறாதீர்கள் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

ராணி கிடைத்தது ஒரு பழைய கிளப்பில். குழாய் மாற்றுகிற வேலைக்குச் சாமான் இறக்கப் போனவர், மூடாத ஜன்னல் ஒன்றுக்கு முட்டுக் கொடுத்திருந்த கோலைப் பார்த்திருக்கிறார். "இந்தக் குப்பையா, எடுத்துட்டுப் போங்க" என்று வாட்ச்மேன் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அழுக்கைத் துடைத்தால் உள்ளே சிவந்த மரம், கைப்பிடியில் முத்துச்சிப்பிப் பூ, அடியில் கடைந்தவரின் முத்திரை. அத்தானுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. அப்போதே அதற்கு ராணி என்று பெயர் வைத்தார். கட்டிய மனைவியை அவர் கூப்பிடுவது "இந்தாம்மா" என்றுதான்.

அந்த வீட்டில் இரண்டு அறை. ஒன்றில் படுக்கை. இன்னொன்றை ராணி எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கென்று வாங்கிய ஒரே ஏசி அந்த அறைக்குப் போனது. ஜன்னலை அட்டை வைத்து அடைத்தார், காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டுகிற சின்னக் கருவி ஒன்றைச் சுவரில் மாட்டினார். காலையில் எழுந்ததும் சாமி கும்பிடுகிற மாதிரி அதன்முன் போய் நிற்பார். ஈரம் ஏறினால் மரம் வளைந்துவிடுமாம், இறங்கினால் வெடித்துவிடுமாம்.

அக்காவின் தையல் மெஷின் இருந்தது சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள நடையில். ஒரு பக்கம் அடுப்பின் ஆவி, மறுபக்கம் ஈரத்தரை. கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் தைப்பாள், இல்லையென்றால் வேர்வை துணியில் சொட்டும். ஒரு நாள் அடுப்பிலிருந்து எண்ணெய் தெறித்து, பள்ளிச் சீருடைக்கு வந்திருந்த வெள்ளைத் துணியில் விழுந்துவிட்டது. கறை போகவில்லை. வேறு துணி வாங்கி, ராப்பகலாக மறுபடி தைத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாள். நானும் அப்போது இருந்தேன். என் வீடு மேல்மாடி என்பதால் பாதி நாள் நான் அக்கா வீட்டில்தான் கிடப்பேன்.

"ஏங்க, அந்த ரூம்ல ஒரு ஓரமா மெஷினப் போட்டுக்கறேன்."

"மெஷின் ஓடினா தரை அதிரும்மா. ராணிக்கு ஆகாது."

"எனக்கு இங்க ஆகலையே."

"உனக்கென்ன, நீ கல்லு மாதிரி இருக்க."

பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார். அக்கா அவரையே பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும். "சரி, ராணிய வித்துடறேன். அவ போற அன்னிக்கே ரூம் உனக்கு. மத்த கியூவெல்லாம் கட்டிலுக்கு அடியில கிடக்கட்டும், அதுங்களுக்கு ஏசி தேவையில்ல. சின்னவளே, நீ சாட்சி" என்று என்னையும் இழுத்துவிட்டார். சாட்சி என்று சொல்லிவிட்டதால் நான் விடவில்லை. வாரத்துக்கு ஒரு தரம் ஞாபகப்படுத்தினேன். ராணியைப் படம் பிடித்து விளம்பரம் போட்டதும் என் போனில்தான். கடைசியில் தொலைவில் இருக்கிற ஒரு பல் டாக்டர் வாங்கிக்கொள்கிறேன் என்றார். பணமும் அனுப்பிவிட்டார்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது கட்டுகிற வேலை. ராணி திருகிக் கழற்றினால் இரண்டு துண்டாக வரும். திருகு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கு மூடி போடாமல் அனுப்புகிறவன் மனுஷனே இல்லை என்பார் அத்தான். மூடி போட்டார். பந்தை இடிக்கிற நுனித் தோலுக்கு ஒரு தொப்பி போட்டார். மெத்தென்ற துணி வேண்டும் என்று வீடெல்லாம் தேடி, அக்கா தனக்கென்று ஆசையாக எடுத்து வைத்திருந்த துணியை எடுத்துச் சுற்றினார். அதற்கு மேல் குமிழ் ஷீட். அதற்கு மேல் பஞ்சு. எல்லாம் கடையிலிருந்து எடுத்து வந்த ஒரு நீளப் பிளாஸ்டிக் குழாய்க்குள். இதையெல்லாம் அக்காவின் காலடியில் உட்கார்ந்துதான் செய்தார். பசை வாடை ராணியின் அறைக்குள் போகக் கூடாதாம்.

பசை எதற்கு என்றால், போன தடவை அனுப்பிய ஒரு பார்சலை யாரோ வழியில் பிரித்துப் பார்த்து மறுபடி ஒட்டியிருந்தார்கள். அந்த வயிற்றெரிச்சல் அவருக்கு ஆறவில்லை. அதனால் இந்த முறை குழாயின் இரு முனையிலும் மூடியை வைத்து, கடையில் குழாய் ஒட்டுகிற பசையைப் பூசி இறுக்கிவிட்டார்.

"ஒட்டினா ஒட்டினதுதான். ஆயுசுக்கும் ஒரு சொட்டுக் கசியாது" என்றார்.

"தண்ணியா அனுப்பறீங்க அத்தான்? வாங்கினவர் எப்படித் திறப்பாரு?" என்று கேட்டேன்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர்போல முகம் மலர்ந்தார். குழாய்க்குள் இரண்டு துண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கிறதாம். நடுவில் வெறும் பஞ்சு மூட்டை. அதற்கு நேராக வெளியே சுற்றிலும் சிவப்புக் கோடு போட்டுவிட்டால், அங்கே ரம்பத்தை வைத்து அறுத்து இரண்டு பக்கமும் உருவிக்கொள்ள வேண்டியதுதான். "உலகத்துல எவனுக்கும் தோணல பாரு" என்று சொல்லி, என் நகப்பூச்சை வாங்கிக் கோடு போட்டார்.

பார்சல் ஆபீசில் இருந்த அம்மா குழாயை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ்ளோ நீளம் எடுக்க மாட்டோம் சார். பாதியா கொறைச்சுக்கிட்டு வாங்க" என்றாள். இவர் மரத்தின் மகிமையைப் பற்றி அவளுக்குப் பாடம் எடுத்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்ததும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சிவப்புக் கோட்டில் அறுத்தார். சொன்னபடியே பஞ்சுதான் வந்தது, ராணிக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைக்கு ஓடிப் போய்க் குட்டையான, தடித்த குழாய் ஒன்றை எடுத்து வந்து, இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்து, சுற்றிப் பஞ்சை அடைத்து, மூடியைப் போட்டு ஒட்டினார். காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை. ஆபீஸ் மூடுவதற்குள் போக வேண்டும் என்ற அவசரம் வேறு. நகப்பூச்சைக் கேட்டு வாங்கி, பழக்கதோஷத்தில் நடுவில் அழகாக ஒரு சிவப்புக் கோட்டையும் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அவர் தெரு முனை திரும்பியதும் அக்காவும் நானும் மெஷினைத் தூக்கினோம். அறையில் கொண்டுபோய் வைத்ததும் அவள் ஏசியைப் போடவில்லை. ஜன்னலில் அடைத்திருந்த அட்டையைப் பிய்த்தாள். வெளிச்சம் வந்து மெஷின்மேல் விழுந்தது. ஊசியில் நூல் கோக்க எப்போதும் என்னைத்தான் கூப்பிடுவாள், அன்று அவளே ஒரே தடவையில் கோத்தாள்.

ராணி போய்ச் சேர்ந்ததும் பல் டாக்டர் போன் பண்ணினார். அத்தான் ஸ்பீக்கரில் போட்டார். புகழ்ச்சியை நாங்களும் கேட்க வேண்டுமே.

"சார், பார்சல் வந்துடுச்சு. ஆனா திறக்க முடியல. ரெண்டு மூடியும் அசைய மாட்டேங்குது."

அத்தானுக்கு வாயெல்லாம் பல். "அசையாது சார். அதுதான் நம்ம வேலை."

"நடுவுல செவப்பா ஒரு கோடு இருக்கே?"

"அங்கதான் அறுக்கணும். தைரியமா அறுங்க. உள்ள வெறும் பஞ்சு."

அறையில் மெஷின் சத்தம் நின்றது. அக்கா அங்கிருந்தே கத்தினாள். "ஏங்க, அது நீள பைப்புக்கு இல்ல? அப்புறம் மாத்திக் குட்டையா ஒண்ணுல போட்டீங்களே!"

இவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "பெரிய மனுஷங்க பேசிட்டிருக்கோம்ல. இதப் பத்தி உனக்கென்ன தெரியும்?" என்றார். பிறகு போனிடம் திரும்பி, "நீங்க அறுங்க சார்" என்றார்.

ரம்பம் பிளாஸ்டிக்கில் கீச்சென்று இழுத்தது. பல் பிடுங்குகிற கை, நிதானமாகத்தான் அறுத்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் அமுங்கியது, பிறகு கரகரவென்று மாறியது.

"சார், கொஞ்சம் கெட்டியா இருக்கே?"

"பஞ்ச நல்லா அமுக்கி வெச்சிருக்கேன் சார். நிறுத்தாம அறுங்க."

கரகரவென்று மேலும் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் டாக்டர், "தூள் கொட்டுது சார். செவப்பா, நல்ல வாசனையா இருக்கு" என்றார்.

நிறுத்தாமல் அறுக்கச் சொல்லியிருந்ததால், ரம்பம் மறுபக்கம் வரைக்கும் போய்த்தான் நின்றது. அத்தானின் பார்வை நடையின் மூலைக்குப் போனது. நீளக் குழாயின் இரண்டு பாதியும் அங்கே சுவரில் சாய்ந்து நின்றன, ஒவ்வொன்றின் விளிம்பிலும் என் நகப்பூச்சு. முகத்தில் ஈயாடவில்லை. சிரிப்பு வந்தும் என்னால் சிரிக்க முடியவில்லை, உண்மையிலேயே பாவமாக இருந்தது. அந்தப் பாவம் சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்கவில்லை. அக்கா சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். அவரோ, கோடு போட நகப்பூச்சு கொடுத்தது நான்தானே என்று ஆரம்பித்தார். எழுந்து என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

டாக்டர் நல்ல மனிதர். பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு, ராணியை அனுப்பிவிட்டார். செருப்புப் பெட்டி மாதிரி ஒரு அட்டைப் பெட்டி, நான்கு துண்டையும் பழைய செய்தித்தாளில் சுருட்டி உள்ளே போட்டிருந்தார். பெட்டியைத் தூக்கினாலே கடகடவென்று ஆடியது. வழியில் ஒரு கீறல்கூட விழவில்லை.

அத்தான் கடைக்கு லீவு போட்டுவிட்டு, நான்கு துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு யாரோ ஒரு நிபுணர், உள்ளே கம்பி கொடுத்து ஒட்டினால் மறுபடி நிற்கும், பசை காயும்வரை மரத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். உடனே உயிர் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறை வாசலுக்கு வந்தார். நான் உள்ளே சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். அக்கா மெஷினில் இருந்தாள்.

"இந்தாம்மா, ராணிய ஒட்டி எடுக்கணும். கொஞ்ச நாளைக்கு ரூம விட்டியானா..."

அக்கா தலையை நிமிர்த்தவில்லை. "மெஷின் இருந்த எடம் காலியாத்தான் இருக்கு. அங்க வெச்சுக்கோங்க."

"அங்கயா?" அவர் பதறிவிட்டார். "என்னம்மா நீ! ஒரு பக்கம் அடுப்பு ஆவி அடிக்கும். இந்தப் பக்கம் பாத்ரூம் ஈரம். எண்ணெய் வேற தெறிக்கும். காத்துன்னு பேருக்குக்கூட வராது. நாலு நாள் அங்க இருந்தா எதுவும் உருப்படாது."

அக்கா மெஷினை நிறுத்தினாள். அவரை நேராகப் பார்த்தாள்.

"அப்ப, எல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்திருக்கு."

அவர் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அக்கா அடுத்த சீருடையை எடுத்து ஊசியடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் நடைக்குப் போய்ப் பெட்டியை ஈரத்தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.