ஒரு பாறையும் ஆறு சிங்கங்களும்

கென்யாவின் மாசாய் மாரா சரணாலயத்தில் ஒரு பாறையைப் பார்த்து, "சிங்கம்! சிங்கம்!" என்று கத்தி, ஒன்பது வண்டி நிறைய வெள்ளைக்காரர்களை வரவழைத்த பெருமை எனக்கு உண்டு. அப்போது எனக்குப் பத்து வயது. சின்னப் பையன்தானே என்று மன்னிக்கலாம். ஆனால் கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. பர் துபாய் மீனா பஜாரில் மாமா பேரம் பேசி வாங்கித் தந்தது. அது எதையும் கிட்டத்தில் காட்டாது. எல்லாவற்றுக்கும் ஒரு பழுப்பு நிறத்தைப் பூசிவிடுவதோடு சரி. புல்லுக்குள் பழுப்பாக, கம்பீரமாக, அசையாமல் ஒன்று தெரிந்தால் அது சிங்கம்தான் என்று நான் முடிவுகட்டியதில் தர்க்கப் பிழை எதுவும் இருப்பதாக இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் டிரைவர் கமாவுவும் அன்றுவரை உருப்படியாக எதையும் காட்ட முடியாத ஏக்கத்தில் இருந்தவர். கண்ணை இடுக்கி ஒருமுறை பார்த்தார். உடனே ரேடியோவை எடுத்து, "சிம்பா, சிம்பா" என்று காடு முழுக்க அறிவித்துவிட்டார். வண்டிகள் புழுதி பறக்க வந்து வரிசைகட்டின. தொலைநோக்கி, கேமரா, பெருமூச்சு எல்லாம் ஆயிற்று. சிங்கம் அசையவில்லை. கடைசியில் ஒரு கினிக்கோழி எங்கிருந்தோ வந்து சிங்கத்தின் தலையில் ஏறி நின்று, சாவகாசமாக இறக்கையைக் கோதிக்கொண்டது.

"ஏல மருமகனே, ரொம்பப் பொறுமையான சிங்கம்டே" என்றார் மாமா.

அதற்குப் பிறகு ரேடியோவில் கமாவுவை யாரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. சுவாஹிலியில் ஏதோ சொல்வார்கள். தொடர்ந்து நாலைந்து குரல்கள் சிரிக்கும். கமாவு கழுத்தைத் திருப்பாமல் ஓட்டுவார். எங்களிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

எங்கள் வண்டியிலும் நிலவரம் சரியில்லை. அப்பா பர் துபாயில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தார். ஆண்டுக்கு ஒரு லீவு. லீவு என்றால் திருநெல்வேலி. வேறொன்றும் எங்களுக்குத் தெரியாது. அந்த வருடம்தான் அப்பாவுக்கு என்னவோ ஆகி, நைரோபிக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். ஊரில் அம்மாவின் சித்தி மகள் கல்யாணம் எங்கள் முகம் காணாமலே நடந்து முடிந்தது. சிங்கம் பார்க்கப் போகிறோம் என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று. ஆபீஸில் சொல்லியாயிற்று. கீழே பக்காலா என்கிற மளிகைக்கடை வைத்திருந்த மலையாளியிடமும் சொல்லி, அவர் புலி உண்டா என்று கேட்டு, இல்லை என்றதும் அவர் முகம் சுருங்கியதையும் பார்த்தாயிற்று. இனி வெறுங்கையோடு திரும்பினால் அப்பா எந்த முகத்தோடு பால் வாங்கப் போவார்? அம்மா பின்சீட்டில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

மாமாவுக்கு மட்டும் கவலையில்லை. ராஸ் அல் கைமாவில் பீங்கான் ஃபாக்டரியில் இருந்தவர். காடும் ஒரு சைட்தானே என்று கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூவோடு வந்திருந்தார். உலகத்தில் டிரைவர் என்று யார் இருந்தாலும் இந்தி தெரிந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. "பாய், தோடா ஜல்தி. யல்லா, யல்லா" என்பார். கமாவு ஆங்கிலத்தில், "இங்கே வேகமாகப் போகக் கூடாது, சார்" என்று பொருத்தமாகப் பதில் சொன்னது, அந்த நம்பிக்கையை மேலும் வளர்த்துவிட்டது.

கடைசி நாள் சாயங்காலமும் வந்தது. யானை, ஒட்டகச்சிவிங்கி, எருமை எல்லாம் பார்த்தாயிற்று, சிங்கம் இல்லை. இருட்டுவதற்குள் வெளிவாசலைத் தாண்ட வேண்டும், பிந்தினால் டிரைவருக்கு அபராதம். கமாவு கைக்கடிகாரத்தையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ஓட்டினார். அப்போதுதான் பின்சீட்டிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"ஏங்க, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க."

அப்பா ஏன் என்று கேட்கவில்லை. கமாவுவின் தோளைத் தொட்டார். வண்டி நின்றது.

"அந்தா, மேட்டுல நிக்கே, அந்த மான் எதுவும் மேயல. எல்லாம் ஒரே பக்கமாப் பாத்துக்கிட்டு நிக்கி."

"மானுன்னா எங்கயாவது பாக்கத்தான்க்கா செய்யும்" என்றார் மாமா.

"நீ வாய மூடுல. ஒன் பைனாகுலரு பாத்த லெச்சணத்தத்தான் பாத்தோமே."

அப்பா ஏன் கேட்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பர் துபாயில் பார்க்கிங் தேடி அலைந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மனிதனுக்குப் பொறுமை, பக்தி, திருமண வாழ்வில் நம்பிக்கை ஆகிய மூன்றும் ஒரே சுற்றில் போய்விடும். அப்பா ஓட்டுவார். நானும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் காலி இடம் தேடுவோம். எங்களுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. அம்மா இடத்தைத் தேடவே மாட்டாள், ஆட்களைப் பார்ப்பாள். "அந்தா, பச்சச் சட்ட போட்டவரு பையத் தடவுதாரு, சாவி எடுக்கப் போறாரு. நிறுத்துங்க" என்பாள். பச்சைச் சட்டை சாவியை எடுப்பார், காரை எடுப்பார், நாங்கள் நுழைவோம். அவள் நிறுத்தச் சொல்லி நிறுத்தாமல் போன ஒரே ஒரு நாள், ஊருக்கு வெளியே இருக்கும் சோனாப்பூர் போகிற தூரத்தில் காரை விட்டுவிட்டு நடந்து வந்தோம் என்று மாமா சொல்வார். கொஞ்சம் மிகைதான்.

கமாவுவுக்கு இந்த வரலாறு தெரியாது. "சார், வாசல் மூடிவிடும்" என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "இன்னொரு பாறை என்றால் நான் இந்தத் தொழிலை விட்டு முட்டைக்கோஸ் பயிரிடப் போக வேண்டியதுதான்" என்றார். அப்பா திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா மான்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ப்ளீஸ், போங்கள்" என்றார் அப்பா.

கமாவு முதலில் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார். அவமானம் வந்தாலும் வீட்டோடு இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். பிறகு பக்கத்தில் பிரிந்த ஒரு பழைய தடத்தில் வண்டியைத் திருப்பினார். மேட்டைச் சுற்றிப் போய் நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். எதிரே புல். புல்லைத் தவிர ஒன்றுமில்லை. மாமா தொண்டையைச் செருமினார். நான் பைனாகுலரைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டேன்.

புல்லுக்குள் ஒரு காது திரும்பியது.

அந்தக் காதுக்குக் கீழே ஒரு பெண்சிங்கம் இருந்தது. அது எழுந்ததும் பக்கத்தில் இன்னொன்று எழுந்தது, பிறகு குட்டிகள் மூன்று, ஒன்றின் மேல் ஒன்று விழுந்துகொண்டு. எல்லாம் எழுந்த பிறகு, யாரும் அவசரப்படுத்த முடியாத பெரிய மனிதர்போல, பிடரி மயிரைச் சிலுப்பிக்கொண்டு அவர் எழுந்தார். ஆறு பேரும் எங்கள் வண்டியை நோக்கி நடந்து வந்தார்கள்.

கமாவு ஸ்டியரிங்கை ஓங்கித் தட்டிச் சிரித்தார். ரேடியோவை எடுத்து, அன்றைக்குக் கேட்ட சிரிப்புக்கெல்லாம் சேர்த்து, நிறுத்தி நிதானமாக அறிவித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஒன்பது வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன; எல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டியிருந்தது. பிடரிக்காரர் எங்கள் பம்பரில் முதுகைத் தேய்த்துவிட்டுப் போனார். மாமா அரபிகளோடு பழகிய பழக்கத்தில், "மாஷா அல்லா! மாஷா அல்லா!" என்று குசுகுசுத்தார். அம்மா வண்டியின் திறந்த கூரை வழியே எழுந்து நின்றாள், காற்றுக்கு முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு. கமாவு மற்ற டிரைவர்களிடம் சைகையால் முதலில் மான்களைக் காட்டி, பிறகு அம்மாவைக் காட்டினார். அவர்கள் அவளைப் பார்த்துக் கை உயர்த்தினார்கள். அம்மாவும் கை உயர்த்தினாள். தேர்தலில் ஜெயித்தவர்கள்கூட அவ்வளவு இயல்பாகக் கையசைத்து நான் பார்த்ததில்லை. வாசலில் பத்து வண்டிகளும் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தன. காவலர் கமாவுவை முறைத்தார், கதையைக் கேட்டார், அம்மாவை எட்டிப் பார்த்தார், தடுப்பைத் தூக்கிவிட்டார்.

அன்று எனக்குப் புரிந்ததெல்லாம் பக்காலாவில் போய்ச் சொல்ல ஆறு சிங்கம் கிடைத்துவிட்டது என்பதுதான். அம்மாவுக்கு அந்தப் பார்வை எங்கிருந்து வந்தது என்று யோசிக்க எனக்கு நாற்பது வயது தாண்ட வேண்டியிருந்தது. அப்பா ஆபீஸில், நான் பள்ளிக்கூடத்தில். அவள் மூன்றாவது மாடி ஜன்னலில். தன் பாஷை பேச ஆளில்லாத தெருவில், பகல் முழுக்க நின்று, முன்பின் தெரியாத மனிதர்களை நடையையும் கையையும் வைத்தே படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தத் தனிமைதான் சிங்கத்தைக் கண்டுபிடித்தது. இது பிடிபட்ட அன்றே பாளையங்கோட்டைக்குப் போன் போட்டு, இப்போது ஊரோடு இருக்கும் அம்மாவிடம் குரல் தழுதழுக்கச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"தனிமையாவது மண்ணாவது" என்றாள் அம்மா. "ஒங்கப்பா காரு வருதான்னு பாத்துக்கிட்டு நிப்பேன். வந்தப்பொறந்தான தோசக்கல்ல அடுப்புல போட முடியும்? சும்மா காஞ்சா கேஸு தீந்துரும்லா."