பாப்பாவைக் கேட்டு வந்தவர்

முப்பத்தொன்பது வயதாகியும் அவளை எல்லோரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். அண்ணன் ஆரம்பித்து வைத்தது, வேலை செய்யும் இடம் வரைக்கும் தொற்றிக்கொண்டது. ஆள் நெடுநெடுவென்று உயரம். மூக்குக் கண்ணாடி. காதோரம் நரை எட்டிப் பார்க்கும். வீட்டில் பேசும்போது குரலும் வயதுக்கேற்றாற்போல் கொஞ்சம் தடிப்பாகத்தான் இருக்கும். ஆனால் வேலைக்கென்று ஒரு குரல் வைத்திருந்தாள். அதற்கு இருபது வயதுக்கு மேல் ஒரு நாள்கூட ஆகாது.

காலையில் குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுப்பாள். தண்ணீர் வரவில்லையென்று கத்த ஆரம்பிக்கிறவர்கள் அந்தக் குரலைக் கேட்டதும் பாதிக் கோபத்தை விழுங்கிவிடுவார்கள். பிற்பகலில் டப்பிங். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கிலக் காதல் நாவல்களை வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காரர்கள் தொடராக எடுப்பார்கள். இங்கே ஒரு நிறுவனம் அவற்றை வாங்கித் தமிழ் பேச வைக்கும். நீளப் பாவாடையும் நாடா கட்டிய தொப்பியுமாகப் புல்வெளியில் நடக்கிற பெண்ணுக்கெல்லாம் பாப்பாதான் வாய்.

அந்த வருடம் ஆறு பகுதித் தொடர் ஒன்று. வைத்தியர் மகள் ஒருத்தி. பக்கத்துப் பெரிய வீட்டுக் கர்வக்காரன் ஒருவன். மூன்றாம் பகுதியில் அவன் மழையில் நனைந்தபடி வந்து கல்யாணத்துக்குக் கேட்கிறான். அவள் முடியாது என்கிறாள். அந்தப் பகுதி ஒளிபரப்பான அடுத்த வாரம் அண்ணன் வேலையிலிருந்து வரும்போதே வாயெல்லாம் பல்லாக வந்தான்.

"பாப்பா, உன்னைக் கேட்டு ஒரு வரன் வந்திருக்கு. மருந்துக்கடை வெச்சிருக்காரு. மனைவி தவறி மூணு வருஷமாச்சு. டிவில உன் குரலைக் கேட்டுட்டு, யாரு என்னன்னு விசாரிச்சுத் தேடி வந்திருக்காரு."

"குரலைக் கேட்டா?"

"பின்னே? சும்மா வருவாங்களா?"

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மருந்துக்கடைக்காரர் தன் அக்காவோடு வந்தார். தேய்த்த சட்டை, மரியாதையான ஆள். உட்கார்ந்ததிலிருந்து தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பாப்பா தேநீரை நீட்டினாள்.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? அந்த மழை சீன்ல பேசினீங்களே... அதை ஒரு தடவை சொல்ல முடியுமா?" என்றார், தலை நிமிராமலே.

அண்ணன் சிரித்தான். "சொல்லு பாப்பா, ஆசைப்பட்டுக் கேக்கறாரு."

கூடத்தின் நடுவில் காலித் தட்டோடு நின்றபடியே அவள் சொன்னாள்: "உங்கள் கையைப் பற்ற நான் ஒருநாளும் சம்மதிக்க மாட்டேன். இதற்குமேல் என்னைக் காயப்படுத்தாமல் போய்விடுங்கள்." மருந்துக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. பெண் பார்க்க வந்த இடத்தில் போய்விடு என்று சொல்லக் கேட்டு மகிழ்ந்த மனிதர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார். அன்றிலிருந்து பாப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

தினமும் ஒரு மணிக்கு, அவளுடைய சாப்பாட்டு இடைவேளையில், அவரிடமிருந்து போன் வரும்.

"என்ன பண்றீங்க?" என்று கேட்பாள்.

"நீங்க பேசுங்க. நான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

எதைப் பேசுவது? அலுவலகத்துப் பழுதான லிப்டைப் பற்றி, மேலதிகாரியின் தும்மலைப் பற்றி, எதையாவது பேசினாள். அந்தப் பக்கம் ம்... ம்... என்ற சத்தம் மட்டும். பத்து நாள் கழித்துத்தான் தன் பேச்சைத் தானே கவனித்தாள். போனை எடுத்ததும் குரல் தானாக மேலேறி வைத்தியர் மகள் குரலாகிவிடுகிறது. அவர் கேட்கவில்லை; இவளாகத்தான் ஏற்றிக்கொள்கிறாள். ஒரு மனிதர் தன் பேச்சுக்காக ஒரு மணி எப்போது அடிக்கும் என்று காத்திருக்கிறார் என்பது பிடித்தும் இருந்தது. அந்த யோசனை வந்த அன்று, இறங்கவேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டு இரண்டு நிறுத்தம் தள்ளிப் போய் இறங்கினாள். வீட்டில் அடுக்கின துணியையே திரும்ப அடுக்கினாள். மூச்சுமுட்டுகிறதென்று ஜன்னலைத் திறந்தாள், தெருச்சத்தம் பிடிக்காமல் சாத்தினாள்.

"என்னடி, நிலைகொள்ளாம சுத்தறே?" என்றாள் அண்ணி.

"தெரியல அண்ணி. சரின்னு சொல்லலாம்னுதான் தோணுது. ஆனா அவரு யாரைக் கேட்டு வந்தாருன்னு புரியல."

கடைசிப் பகுதியைப் பதிவு செய்ய வேண்டிய வாரத்தில் சளி பிடித்து, தொண்டை அடியோடு கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. டப்பிங் இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டு பதிவைத் தள்ளிப் போட்டார். அலுவலகத்துக்கும் விடுப்பு. இரண்டு நாள் ஒரு மணிப் போனைக்கூட எடுக்காமல் வீட்டுக்குள் கூண்டுப் புலி மாதிரி நடந்தவள், மூன்றாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்கே போய்விட்டாள். எப்படியும் மருந்து வேண்டும். அவரையும் பார்த்த மாதிரி இருக்கும்.

கடையில் வேறு யாரும் இல்லை. அவர் ஒரு பெட்டியிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"சொல்லுங்கம்மா."

பாப்பா தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். "குரல் போயிடுச்சு," என்றாள், கரகரவென்று.

"அடடா. காய்ச்சல் இருக்கா? இல்லையா? இந்த மாத்திரையை வாயில அடக்கிக்குங்க. ரெண்டு நாள் பேசவே பேசாதீங்க, வெந்நீர் நிறையக் குடிங்க." அக்கறையாகத்தான் சொன்னார். உறையில் போட்டு நீட்டினார். அவ்வளவுதான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணி. லேசாகப் புன்னகைத்துக்கொண்டே போனை எடுத்து ஓரமாகத் திரும்பிக்கொண்டார்.

பாப்பாவின் கைப்பையில் போன் அடித்தது.

அவள் எடுக்கவில்லை. நின்ற இடத்தில் நின்றாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. மெல்லத் திரும்பினவர் பையைப் பார்த்தார், அப்புறம் அவளைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

"நீங்களா?"

"நான்தான்."

"அன்னிக்கு... நான் சரியா..." நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. அவர்தான் உட்கார்ந்தார். "பொய் சொல்லல. உங்க முகத்தை நான் பாக்கவே இல்ல. அவ போனதுலேருந்து வீட்டுல பேச்சே கிடையாது. ஒரு சாயங்காலம் டிவியைப் போட்டேன், உங்க குரல் வந்துச்சு. வீட்டுல யாரோ இருக்கற மாதிரி இருந்துச்சு."

பாப்பாவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இங்கேயே நின்றால் சரி என்று சொல்லிவிடுவோம் என்ற பயம் வந்தது. கல்லா மேசை மேல் கையை ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் பிடித்து இழுத்துச் சொன்னாள்.

"நீங்க நல்லவரு. ஆனா நான் வீட்டுல இப்படித்தான் இருப்பேன். சளி பிடிக்கும், எரிஞ்சு விழுவேன், சில நாள் வாயே திறக்க மாட்டேன். எனக்குக் குரல் வர ஒரு வாரமாகும். அதுவரைக்கும் போன் பண்ணாதீங்க. அதுக்கப்புறமும் வேணாம்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

வீட்டில் அண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தான். "அடையாளம் தெரியலங்கறது ஒரு குத்தமா? கல்யாணத்துக்கப்புறம் தினம் பாக்கத்தானே போறாரு!" பதில் சொல்ல அவளுக்குத்தான் தொண்டை இல்லையே. அண்ணிதான் கரண்டியோடு வெளியே வந்தாள். "ரேடியோ வாங்கிக் குடுங்க அவருக்கு. பொண்ணை விடுங்க," என்றாள்.

குரல் திரும்பியது. கடைசிப் பகுதியில் வைத்தியர் மகள் சம்மதம் சொல்கிறாள். கண்ணாடி அறைக்குள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் அசைகிற உதட்டைப் பார்த்துப் பாப்பா பேசினாள். "சம்மதம். முழு மனதோடு சம்மதம்." ஏழு முறை எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் எங்கேயோ ஒரு கோபம் ஒட்டிக்கொண்டு வந்தது.

"இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்றாள்.

இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யோசித்தார். "வேணாம் பாப்பா. கோபம் இருக்கட்டும். இத்தனை நாள் அலைய விட்டவன்கிட்ட வேற எப்படிச் சொல்லுவா?"

அந்தப் பகுதி ஒரு ஞாயிறு மாலை ஒளிபரப்பானது. அண்ணனும் அண்ணியும் முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். பாப்பா உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். சம்மதம் சொல்லும் இடம் நெருங்கும்போது அண்ணன் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் தெருவில் இறங்கிவிட்டாள்.

தெருவிலும் தப்பவில்லை. மூன்று வீட்டு ஜன்னல்களிலிருந்து அவளே சம்மதம் சம்மதம் என்றாள். பாப்பா நடையை எட்டிப் போட்டாள். தெரு திரும்பி, சலவைக்கடை தாண்டி, மாடிப்படியோரம் ஓர் அட்டை தொங்கியது: ஓர் அறை, வாடகைக்கு. கீழே எண். மூச்சு வாங்கியபடியே அழைத்தாள்.

"எத்தனை பேரும்மா?" என்றது ஒரு கிழக்குரல்.

"ஒரே ஆளு."

"நாளைக்கு வந்து பாருங்களேன்."

"வாசல்லதான் நிக்கறேன். இப்பவே பாக்கலாமா?"