ஒன்றாம் நம்பர் ஜெர்சி

டெல் ஓரோஸுக்குச் சம்பளம் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவதற்கு. ஆனால் அவர் உழைப்பதெல்லாம் ரேடியோவுக்கு.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதும் பஸ்ஸை ஆற்றோரம் நிறுத்துவார். மறுபடி அவர்களை ஏற்றப் போகும்வரை காலி பஸ்ஸில் காலை நீட்டி உட்கார்ந்து, மிட்ச் ஹேகர்ட்டியின் விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போன் போடுவார். டொலீடோவில் அவர் மேயரைவிடப் பிரபலம். மேயர் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. "கிழக்குப் பக்கத்திலிருந்து டெல்" என்று மிட்ச் அறிவித்தால் முடிவெட்டும் கடைக்காரர் கத்தரியை வைத்துவிட்டு வால்யூமைக் கூட்டுவார்.

முப்பது வருஷமாக டெல் பேசுவது ஒரே விஷயம்: டொலீடோ ஸ்டோக்கர்ஸ் ஏன் உருப்படவில்லை. ஸ்டோக்கர்ஸ் என்றால் உலைக்குக் கரி தள்ளுகிறவர்கள். கண்ணாடி உலைகள் எரிந்த ஊர் என்பதால் எங்கள் அமெரிக்க ஃபுட்பால் அணிக்கு அந்தப் பெயர். உலையில் போட்டதைவிட எங்கள் முகத்தில் அவர்கள் பூசிய கரிதான் அதிகம். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதே முகத்தைக் கழுவிக்கொண்டு போய் நிற்போம். எங்களுக்கு ரோஷம் கொஞ்சம் கம்மி.

டெல்லுக்கு அடுத்தபடியாக ரேடியோவில் தொண்டை கிழியக் கத்துகிறவர் ஆர்லோ டீட்ஸ். பழுதான கார்களை இழுத்துப் போகும் வண்டி வைத்திருக்கிறார். இருவரும் மைதானத்துக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரே அடுப்பில் சாஸேஜ் சுடுகிறவர்கள். டெல்லின் மனைவி ரோசலி மிளகாய்த்தூள் தூக்கலாகப் போட்டுக் கோழிக் குழம்பு வைத்துக் கொண்டுவருவார். அந்தக் குழம்பை நம்பித்தான் பாதிப் பேர் ஆட்டம் பார்க்கவே வருகிறார்கள் என்பது என் கணிப்பு.

ஜனவரியில் அணிக்குப் புது ஜெனரல் மேனேஜர் வந்தார். பிரெஸ்டன் ஆல்டர்மன். வயது நாற்பதுகூட ஆகவில்லை. கையில்லாத மெல்லிய கோட்டு ஒன்றை மழையானாலும் வெயிலானாலும் கழற்ற மாட்டார். வந்த அன்று பேசிய பேச்சில் "செயல்முறை" என்ற வார்த்தை வந்த அளவுக்குப் "பந்து" வரவில்லை. ஏப்ரலில் அவர் ஒரு காரியம் செய்தார். கல்லூரிப் பையன்களை அணிகள் வரிசைபோட்டு எடுக்கும் நாளில், அடுத்த மூன்று வருஷத்துக்கு எங்களுக்கிருந்த முதல் தேர்வு உரிமைகளையெல்லாம் இன்னோர் அணிக்குத் தாரைவார்த்துவிட்டு, ஒரே ஒரு பையனை எடுத்தார். ட்ரே கெல்லம். பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிற குவார்ட்டர்பேக். கை தங்கம். வலது முழங்காலில் மட்டும் ஏற்கெனவே இரண்டு அறுவை சிகிச்சை.

மறுநாள் ஹாட்டாக் கடையில் அடிதடி நடக்காதது கடைக்காரர் செய்த புண்ணியம்.

"மூணு வருஷத்தை வித்து ஒரு முட்டியை வாங்கியிருக்கான்டா! அதுவும் தையல் போட்ட முட்டி!" என்றார் டெல்.

"என் வண்டில இழுத்துட்டு வர்ற காருக்குக்கூட நாலு சக்கரம் ஒழுங்கா இருக்கும்," என்றார் ஆர்லோ.

ரோசலி மட்டும் எதிர்க்கட்சி. "அந்தப் பையன் எறிஞ்சதைப் பாத்தீங்களா? எத்தனை வருஷமா நல்ல குவார்ட்டர்பேக் இல்லன்னு ரெண்டு பேரும் அழுதீங்க. இப்ப ஒருத்தன் துணிஞ்சு எடுத்துட்டான், அதுக்கும் அழுகை. உங்களுக்கு ஜெயிக்கிறது வேண்டாம், புலம்பணும், அவ்வளவுதான்."

"நீ சும்மா இரு. குழம்பு வைக்கிற மாதிரி இல்ல இது."

"ஆமா, குழம்புன்னா உருப்படியா ஏதாவது வரணுமே," என்றார் ரோசலி. கடை முழுக்கச் சிரித்தது. டெல் கடுகுச் சாஸைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அணியின் சொந்த மருத்துவரே இந்த முழங்கால் தாங்காது, எடுக்காதீர்கள் என்று சொன்னாராம், ஆல்டர்மன் காதில் போட்டுக்கொள்ளவில்லையாம். மிட்ச் ஹேகர்ட்டி அதைப் பத்திரிகையாளர் கூட்டத்தில் நேராகவே கேட்டார். ஆல்டர்மன் புன்னகைத்தார், செயல்முறையைப் பற்றி விளக்கினார், தண்ணீர் குடித்தார். அடுத்த வாரம் மிட்ச்சின் ரேடியோ நிலையத்துக்கு மைதானத்துக்குள் வரும் அனுமதி போயிற்று. அதற்கப்புறம் ஆல்டர்மன் பேசியதெல்லாம் அணியின் சொந்த இணைய ஒளிபரப்பில்தான். கேள்வி கேட்டவர் அவரிடமே சம்பளம் வாங்குகிற பையன். "இவ்வளவு கடினமாக உழைக்கிறீர்களே, தூங்குவீர்களா?" என்பதுதான் அங்கே கேட்கப்பட்ட ஆகக் கடுமையான கேள்வி.

டெல் விடுவாரா? தினமும் ரேடியோவில் சபதம்.

"மிட்ச், அந்த ஆளை என் முன்னாடி உக்கார வை. ஒரே கேள்வி. டாக்டர் வேண்டாம்னாரா, இல்லையா? உங்களை மாதிரி நிருபர்களை அனுமதிச் சீட்டைப் பிடுங்கி மிரட்டலாம். எங்கிட்ட எதைப் பிடுங்குவான்? பஸ் சாவியையா? டெல் ஓரோஸை வாங்குறதுக்கு இந்த ஊர்ல இன்னும் பணம் அடிக்கல."

ஊர் கை தட்டியது. மே, ஜூன், ஜூலை என்று அந்த ஒரு கேள்வியாலேயே டெல் வளர்ந்தார். பெட்ரோல் போடப் போனால் "கேட்டுடு டெல், விடாதே!" என்பார்கள். வாங்க முடியாத ஆள் என்ற பெயரை அவர் சட்டைமாதிரி போட்டுக்கொண்டு திரிந்தார். அந்தப் பெயரைத் தவிர அவரிடம் பெரிதாக வேறு சொத்து ஏதும் இருந்ததாகவும் தெரியவில்லை.

ஆகஸ்டில் அணி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மிஸ்டர் ஆல்டர்மன் அவரோடு காலைச் சாப்பாடு சாப்பிட ஆசைப்படுகிறார், கேமரா கிடையாது, யாரிடமும் சொல்ல வேண்டாம், மனைவியிடம்கூட.

டெல் சவரம் செய்துகொண்டு போனார். மனதுக்குள் கேள்வியைச் சாணை பிடித்துக்கொண்டே போனார். ஆல்டர்மன் வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"டெல்! உங்க குரலைக் கேட்டுத்தான் நான் இந்த ஊரையே புரிஞ்சுக்கிட்டேன். போன நவம்பர் நிகழ்ச்சிப் பதிவுல தற்காப்பு வரிசையைப் பத்திச் சொன்னீங்களே, அதைப் பயிற்சியாளர்களுக்கே போட்டுக் காட்டினேன்."

டெல்லுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. முப்பது வருஷத்தில் அவர் சொன்னதை வீட்டில்கூட யாரும் திருப்பிச் சொன்னதில்லை. முட்டை வந்தது, பன்றி இறைச்சி வந்தது, ஆல்டர்மன் தன் கையாலேயே காபி ஊற்றினார். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும், டெல் கேட்டார். குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது, ஆனால் கேட்டார்.

ஆல்டர்மன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்ககிட்ட மட்டும் பொய் சொல்ல முடியாது, டெல். ஆமா. டாக்டர் வேண்டாம்னார். ரெண்டு தடவை. நான்தான் எடுத்தேன். இந்த ஊருக்காக ஒருத்தன் துணிஞ்சாகணும்னு தோணுச்சு. இது என் மனைவிக்குக்கூடத் தெரியாது. இந்த அறையை விட்டுப் போகாதுன்னு நம்புறேன்."

போகும்போது ஒரு பெட்டி கொடுத்தார். உள்ளே ஸ்டோக்கர்ஸ் ஜெர்சி. முதுகில் ஓரோஸ் என்று பெயர், கீழே பெரிதாக ஒன்று. "எனக்கு நீங்கதான் முதல் ரசிகர்," என்றார். டெல் அதை பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், பனிக்காலத்தில் டயருக்கு மாட்டும் சங்கிலி வைக்கும் பெட்டிக்குள் ஒளித்துவைத்தார். பஸ் காலியாக இருக்கும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வார்.

அதோடு வாய்க்குப் பூட்டு. டெல் ஓரோஸ் வாயில் எதுவும் தங்கியதாகச் சரித்திரமே கிடையாது. ரோசலிக்கு அவர் வாங்கிவைக்கும் பிறந்தநாள் பரிசு என்னவென்று ஒரு வாரம் முன்பே தெருவுக்கே தெரிந்துவிடும். அப்பேர்ப்பட்டவர் இதை மட்டும் விழுங்கிக்கொண்டு நடந்தார். வயிறு உப்பிக்கொண்டு வந்தது, ஆனால் அதில் ஒரு சுகம் இருந்தது.

"டெல், டாக்டர் கேள்வி என்னாச்சு?" என்று மிட்ச் கேட்டார்.

"அது கிடக்கட்டும் மிட்ச். பையன் ஆடட்டும், பாப்போம். ஒரு பெரிய பொறுப்புல இருக்கிறவனுக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும்."

முடிவெட்டும் கடையில் வால்யூமைக் குறைத்துவிட்டார்கள். டெல்லை வாங்கியாயிற்று என்று ஊர் முடிவு கட்டியது. பெட்ரோல் பங்கில் "எவ்வளவுக்குப் படிஞ்சது டெல்?" என்றான் ஒருவன். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. என்னிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் நீ வாயைப் பிளப்பாய் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டு வந்தார்.

விசித்திரம் என்னவென்றால் ஆர்லோவும் அமைதியாகிவிட்டார். செப்டம்பரில் ஆட்டங்கள் தொடங்கின. ஒரே அடுப்பைச் சுற்றி இரண்டு பெரிய வாய்களும் வானிலை பேசின.

"ஏரிக்காத்து இன்னைக்கு ஜாஸ்தி."

"ஆமாடா, ஜாஸ்திதான்."

ரோசலி இருவர் நெற்றியிலும் கை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே. பின்ன ஏன் யாரையும் திட்ட மாட்டேங்கிறீங்க?"

பையன் நன்றாகத்தான் ஆடினான், அதையும் சொல்ல வேண்டும். முதல் நான்கு ஆட்டத்தில் மூன்று வெற்றி. ரோசலி தரையில் கால் படாமல் நடந்தார். அப்புறம் அக்டோபரில் ஒரு ஞாயிறு, எதிராளி ஒருவனும் தொடவில்லை, பந்தை எறியத் திரும்பினான், அப்படியே மடிந்து விழுந்தான். வலது முழங்கால். அடிபட்ட பையனுக்கு இருபத்திரண்டு வயது, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டுதான் வெளியே போனான். ரோசலி அழுதார். அவர் ஒருவர்தான் அவனுக்காக அழுதார், மற்றவர்கள் எல்லாம் மூன்று வருஷத் தேர்வு உரிமைக்காக அழுதோம்.

ஆட்டம் முடிந்து வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்தார்கள். ரோசலி பாத்திரம் கழுவத் தண்ணீர் பிடிக்கப் போனார். ஆர்லோவின் வண்டி ரேடியோவில் ஆல்டர்மன் குரல் வந்தது. இந்த மாதிரி நாளில் எல்லா நிருபர்களையும் சந்தித்தே ஆக வேண்டும், ஒளிய இடமில்லை.

"மருத்துவர்கள் ஒருமனதாகச் சம்மதம் சொன்னார்கள். ஒருவர்கூட எச்சரிக்கவில்லை. எச்சரித்திருந்தால் நான் எடுத்திருக்கவே மாட்டேன்."

டெல் கையிலிருந்த இடுக்கியைக் கீழே போட்டார். காதெல்லாம் சுட்டது. கொடுத்த வாக்கை மீறினால் நம்பிச் சொன்னவனுக்குத் துரோகம். மீறாவிட்டால் ஊர் பழித்தது உண்மையாகவே ஆகிவிடும், டெல் ஓரோஸ் ஒரு காலை முட்டைக்கு விலைபோனவன். அடுப்பைச் சுற்றி இரண்டு நடை நடந்தார்.

"ஆர்லோ, ஒண்ணு சொல்றேன். இது உலகத்துல மூணு பேருக்குத்தான்டா தெரியும். ஆல்டர்மன், டாக்டர், நான்."

ஆர்லோ ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"கதவைச் சாத்திட்டுச் சொன்னானா?"

"ஆமா."

"பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாதுன்னானா?"

டெல் தலையாட்டினார். ஆர்லோ மெல்ல நடந்துபோய்த் தன் வண்டியில் இழுவைக் கயிற்றுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துவந்தார். உள்ளே இருந்த ஜெர்சியில் டீட்ஸ் என்று எழுதியிருந்தது. கீழே பெரிதாக ஒன்று.

இருவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டெல்லுக்குக் கோபம் ஆல்டர்மன் பொய் சொன்னதில்கூட அவ்வளவு வரவில்லை. இந்த ஒன்றைப் பார்த்துத்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"உனக்கு எப்படா குடுத்தான்?"

"ஜூலை."

"எனக்கு முன்னாடியா?" என்றார் டெல். அவருக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டுவிட்டார்.

டெல் போனை எடுத்து ரேடியோ நிலையத்துக்கு அடித்தார். மனப்பாடமான எண். அழைப்புகளை வாங்கும் பெண்ணிடம், முழங்கால் விஷயமாக ஒரு பெரிய ரகசியம், உடனே மிட்ச்சைக் கொடு என்றார்.

"நீங்களும் ஒண்ணாம் நம்பரா?" என்றாள் அவள் அலுப்போடு. "லைன்ல இருங்க. உங்களுக்கு முன்னாடி ஆறு பேர் நிக்கிறாங்க."

ஆறு பேரும் பேசும்வரை டெல் ஏரிக்காற்றில் நின்றார். ஆறு பேரும் அதே கதவு, அதே காபி, அதே மனைவி. ஊரில் சத்தம் போடுகிற வாய்களையெல்லாம் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு ரகசியத்தை வைத்துத் தைத்திருக்கிறார் ஆல்டர்மன். எங்கள் ஊருக்கு வந்த மேனேஜர்களிலேயே தொழில் தெரிந்தவர் அவர்தான் என்பேன். தண்ணீர் வாளியோடு திரும்பி வந்த ரோசலி, ஆர்லோவின் கையிலிருந்த ஜெர்சியைப் பார்த்தார், டெல் முகத்தைப் பார்த்தார், ரேடியோவைக் கேட்டார், எல்லாம் புரிந்துகொண்டு வாளியைக் கீழே வைத்தார்.

"கிழக்குப் பக்கத்திலிருந்து டெல்," என்றார் மிட்ச். குரலில் இரக்கமில்லை. "வாங்கவே முடியாத டெல். நீ கேள்வியை விட்ட ஆகஸ்ட்லயே டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். ஏன்யா இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டு இருந்தே? ஒரு சட்டைக்காகவா?"

டெல் பதிலுக்கு ஏதோ தயாராகத்தான் வைத்திருந்தார். வாயில் வந்தது வேறு.

"சட்டைக்காக இல்ல மிட்ச். முப்பது வருஷமா உங்கிட்டப் பேசுறேன். நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீ விளம்பரம் போட்டுருவே. அந்த ஆளு முட்டை ஆறிப் போற வரைக்கும் உக்காந்து கேட்டான்."

மிட்ச் விளம்பரம் போட்டுவிட்டார்.